நஸீஹாவுக்கு ஒரு நூல் தொப்பி

1

கனடாவுக்கு வந்த நாளை எங்கள் வீட்டில் கொண்டாடுவதில்லை. அந்த நாள் வந்தால் என் கணவர் ஜெமீல் காலையில் பாணைக் கடித்துக்கொண்டே "இன்னொரு வருசமும் போச்சு" என்பார். நான் தேத்தண்ணி ஊற்றிக் கொடுப்பேன். பிறகு இருவரும் வேலைக்கு ஓடுவோம். இந்தத் தடவை அந்த நாளில் நான் வேலைக்கு அரை நாள் லீவு சொல்லிவிட்டு ஒரு நூல் கடையில் நின்றேன். ஒரு நூல் உருண்டையைக் கழுத்தில் வைத்துத் தேய்த்தபடி கண்ணை மூடிக்கொண்டு நின்றேன் என்று சொல்ல வேண்டும். கடையில் வேலை செய்யும் பெண் வந்து ஏதும் உதவி வேண்டுமா என்று கேட்டாள். மயிர் கொட்டிப்போன தலைக்கு எந்த நூல் குத்தாது என்பதுதான் எனக்குத் தெரிய வேண்டியிருந்தது. அழாமல் அதை ஆங்கிலத்தில் கேட்க முடியாது என்று தோன்றியதால், சும்மா பார்க்கிறேன் என்று சொல்லி அவளை அனுப்பிவிட்டேன்.

அந்தத் தலை என் தங்கச்சி நஸீஹாவுடையது. நாங்கள் இரண்டே பேர். நான் கல்யாணம் கட்டிக்கொண்டு கடல் தாண்டினேன். அவள் இலங்கையில், புத்தளத்துப் பக்கம் பள்ளிவாசல்துறையில், காலமான உம்மாவின் வீட்டிலேயே இருக்கிறாள். அவளுடைய கணவர் ரிஸ்வான் புத்தளத்து உப்பளத்திலிருந்து லொறியில் உப்பு ஏற்றுகிறவர். இரண்டு ஆண் பிள்ளைகள். மூத்தவன் கட்டாரில், இளையவன் கடல் தொழிலில். போன வருடக் கடைசியில் அவளுடைய இடது மார்பை எடுத்தார்கள். அதற்குப் பிறகு மருந்து ஏற்றத் தொடங்கினார்கள். மூன்று கிழமைக்கு ஒரு தடவை கொழும்புப் பக்கம் உள்ள பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய், ஒரு பகல் முழுக்க கதிரையில் சாய்ந்திருந்து வர வேண்டும். இரண்டாவது தடவை போய் வந்த கிழமையில் தலைமயிர் முழுக்கக் கொட்டியது. மூன்றாவது தடவை திரும்பி வரும்போது பஸ்ஸில் அவளுடைய முக்காடு வழுக்கி விழுந்தது.

முக்காடு போடாதவர்களுக்கு இது விளங்காது. முக்காட்டைப் பிடித்து வைத்திருப்பது ஊசி என்று பார்க்கிறவர்கள் நினைப்பார்கள். உண்மையில் மயிர்தான் பிடித்து வைத்திருக்கிறது. பின்னால் கொண்டை இருக்கும், அதன்மேல் உள்தொப்பி, அதன்மேல் துணி, அப்புறம்தான் ஊசி. கொண்டை இல்லாத தலையில் கடையில் விற்கும் வழுவழுப்பான உள்தொப்பி நிற்கவே நிற்காது. சிலாபம் தாண்டியதும் ஜன்னல் காற்றில் எல்லாம் சேர்ந்து பின்னால் போய்விட்டது. ரிஸ்வான் இழுத்து மூடுவதற்குள் பஸ்ஸில் இருந்த அத்தனை பேரும் பார்த்துவிட்டார்கள். பின் சீட்டிலிருந்த ஒரு சின்னப் பிள்ளை தன் தாயிடம் அதைக் காட்டியும் விட்டது.

அடுத்த நாள் அவள் என்னோடு கதைத்தாள். அழவில்லை. அவள் அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

"இனி நான் போகல்ல ராத்தா. போதும். மௌத்து வாறதெண்டா வீட்டுக்குள்ளேயே வரட்டும்."

மௌத்து என்றால் சாவு. ராத்தா என்றால் அக்கா, அவளுக்கு நான். மூத்தவள் என்பதால் எதற்கும் வழி சொல்ல வேண்டியவள். இன்னும் மூன்று தடவை மருந்து மிச்சம் இருந்தது. இடையில் விட்டால் இதுவரை ஏற்றியதெல்லாம் வீண் என்று டொக்டர் சொல்லியிருந்தார். அதை நான் அவளுக்குத் திருப்பிச் சொன்னேன். "ஓம்" என்றாள். ஓம் என்றால் ஆமாம் என்றுதான் பொருள், ஆனால் அவள் சொன்ன விதத்தில் அது போனை வைக்கச் சொன்ன மாதிரி இருந்தது.

நோயைப் பற்றி எழுத எனக்குத் தைரியம் இல்லை. ஆகவே இந்தக் குறிப்பில் நூலைப் பற்றி எழுதுகிறேன்.

2

ஊரில் நாங்களும் கொக்கி ஊசியால் குரோஷே பின்னினவர்கள்தான். ஆனால் அங்கே பின்னியது எல்லாம் தையல் நூலைவிடக் கொஞ்சம் தடித்த வெள்ளை நூலில். வாப்பாவுக்குத் தொழுகைத் தொப்பி, மேசைக்கு விரிப்பு, ரேடியோவுக்கு உடுப்பு. ஊசி துரும்பு மாதிரி இருக்கும். கையை இறுக்கிப் பின்ன வேண்டும், இல்லாவிட்டால் உம்மா பிரித்துவிட்டு மறுபடி கொடுப்பா. இங்கே வந்த முதல் குளிர்காலத்தில், ஆங்கிலம் பழகலாம் என்று நூலகத்தில் பெண்கள் கூடும் பின்னல் வட்டத்துக்குப் போனேன். ஆங்கிலம் அவ்வளவாக வரவில்லை, நூல் வந்தது.

இங்கே நூலுக்குத் தடிப்புக் கணக்கு உண்டு. உருண்டையைச் சுற்றியுள்ள தாளில் ஒரு சின்னப் படமும் அதற்குள் ஓர் இலக்கமும் இருக்கும். நான்கு என்று போட்டிருந்தால் நடுத்தரம். அதைவிடக் குறைந்த இலக்கம் எல்லாம் மெல்லியது, கூடியது எல்லாம் தடித்தது. பழகுகிறவர்கள் நான்கிலிருந்து தொடங்குவதுதான் நல்லது. கண்ணிகள் கண்ணுக்குத் தெரியும், பிழைத்தால் எங்கே பிழைத்தது என்று கண்டுபிடிக்கலாம், வேலையும் கண்ணுக்கு முன்னால் வளரும். ஊசி ஐந்து அல்லது ஐந்தரை மில்லிமீட்டர். எங்கள் ஊர்க் கைகளுக்கு இன்னும் ஒரு அளவு கூட எடுக்க வேண்டும். நாங்கள் இறுக்கிப் பழகியவர்கள். இறுக்கிப் பின்னினால் நடுத்தர நூல் பலகை போல நிற்கும்.

நஸீஹாவின் தலைக்கு ஏன் நான்காம் இலக்கம் என்றும் சொல்ல வேண்டும். மெல்லிய நூலில் பின்னினால் வழுக்கும், அதோடு அடுத்த மருந்து நாளுக்குள் முடியாது. தடித்த நூலில் பின்னினால் முக்காட்டுக்குள் பூசணிக்காய் வைத்த மாதிரி இருக்கும். நடுத்தர நூலில்தான் முக்காட்டு ஊசி உள்ளே போய்ப் பிடித்து நிற்கும், துணியும் வழுக்காது, வெளியில் ஒன்றும் தெரியாது. இதை யோசித்துக் கண்டுபிடித்தபோது நான் பெரிய கெட்டிக்காரி என்று நினைத்துக்கொண்டேன். கண்டுபிடித்த இடம், நான் வேலை செய்யும் முதியோர் இல்லத்துச் சமையலறை. உருளைக்கிழங்கு தோல் சீவிக்கொண்டிருந்த கையில் ஈரத்தோடு அப்படியே நின்றேன்.

நூல் வாங்கும்போது நான் பார்க்கிற விஷயங்கள் சில. உருண்டையை அமுக்கிப் பார்க்க வேண்டும், விட்டதும் எழும்ப வேண்டும். நுனியை எதிர்ப்பக்கம் முறுக்கினால் இழை இழையாகப் பிரிந்து போகிற நூல் ஊசியில் மாட்டி உயிரை வாங்கும். ஒரே நிறம் என்றாலும் தாளில் உள்ள சாய இலக்கம் ஒன்றாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் வீட்டு வெளிச்சத்தில் பாதி ஒரு நிறம், மீதி ஒரு நிறம். கறுப்பு வாங்கக் கூடாது, கண்ணி தெரியாது. கடைசியாகத்தான் மென்மை. கையில் பார்ப்பது போதாது, கை தடித்த தோல். கழுத்தில் வைக்க வேண்டும்.

அன்று நான் கழுத்தில் வைத்துத் தெரிந்தெடுத்தது ஒரு கம்பளி நூல். செம்மறி ரோமத்திலேயே மிக மெல்லிய வகை. குழந்தைகளுக்கு உகந்தது என்று தாளில் இருந்தது. முருங்கைப் பூ நிறம். கழுத்தில் பட்டதும் ஒரு இதமான சூடு வந்தது. வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. அந்தச் சூட்டில் நான் மயங்கிவிட்டேன் என்பதை இப்போது சொல்லலாம்.

3

ஏன் தொப்பியை அனுப்புகிறாய், நீயே போக வேண்டியதுதானே என்று வாசிக்கிறவர்கள் கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான்.

என்னுடைய கனடா வதிவிட அட்டை காலாவதியாகிவிட்டது. புதியதற்கு விண்ணப்பித்துவிட்டுக் காத்திருக்கிறோம். முதலில் படம் அளவு பிழை என்று திருப்பி அனுப்பினார்கள். பிறகு படம் சரி, என் பெயர் இரண்டு கடதாசிகளில் இரண்டு விதமாக இருக்கிறது என்றார்கள். ஊரில் பிறப்பத்தாட்சி எழுதியவர் சிங்களத்தில் கேட்டதைத் தமிழில் எழுதி, அதை இன்னொருவர் ஆங்கிலமாக்கியதில் என் பெயரில் ஓர் எழுத்து கூடிப்போயிற்று. அந்த எழுத்துக்காக நான் சத்தியக் கடதாசி கொடுத்தேன். அதற்குப் பிறகு ஒரு சத்தமும் இல்லை.

போன் எடுத்துக் கேட்பது என் மகள் மர்யத்தின் வேலை. பதினாறு வயது. பள்ளிக்கூடத்தில் அவளை மேரி என்று கூப்பிடுகிறார்கள், அவளும் திரும்பிப் பார்க்கிறாள். வீட்டில் நான் தமிழில் கேட்டால் அவள் ஆங்கிலத்தில் பதில் சொல்வாள். இரண்டு பேரும் இரண்டு கரையில் நின்று கதைக்கிற மாதிரி. முக்காடு போடுவதை நிறுத்தியபோது ஒரு வார்த்தையும் சொல்லவில்லை, ஒரு நாள் போடாமல் பஸ்ஸுக்கு ஓடினாள். ஜெமீல் கோபப்பட்டார். நான் கோபப்படவா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்ததிலேயே வருடம் போய்விட்டது.

அவள் குடிவரவு அலுவலகத்துக்குப் போன் எடுத்துக் காத்திருந்து, பாட்டுக் கேட்டு, இன்னும் காத்திருந்து, கடைசியில் ஓர் ஆளோடு கதைத்தாள். அட்டை இல்லாமல் நாட்டைவிட்டுப் போகலாமாம். என்னுடைய இலங்கைக் கடவுச்சீட்டு நல்லபடி இருக்கிறது. திரும்பி வரத்தான் விமானத்தில் ஏற்ற மாட்டார்கள். அங்கே போய் இன்னொரு கடதாசிக்கு விண்ணப்பித்துக் காத்திருக்க வேண்டும். எவ்வளவு காலம் என்று அவர்களால் சொல்ல முடியாதாம்.

ஜெமீல் அதைக் கேட்டுவிட்டு, அட்டை வரட்டும், பிறகு போ என்றார். வேலையில் என் இடத்தை யார் வைத்திருப்பார்கள், மர்யத்தை யார் பார்ப்பது என்றும் கேட்டார். எல்லாம் நியாயமான கேள்விகள். நானும் தலையாட்டினேன். உள்ளுக்குள் எனக்கு ஒரு நிம்மதியும் வந்தது. அவளை அந்தத் தலையோடு பார்க்க எனக்குப் பயம்.

மர்யம் மட்டும் அன்று ஒரு கேள்வி கேட்டாள். பஸ்ஸில் பார்த்தவர்கள்தானே வெட்கப்பட வேண்டும், சாச்சி ஏன் வெட்கப்படுகிறா என்று. நான் எரிந்து விழுந்தேன். அது வெட்கம் இல்லை, அவளுடைய தலையை யாருக்குக் காட்டுவது என்று அவளே தீர்மானிக்கிறாள், அதை ஒரு ஜன்னல் காற்று தீர்மானிக்கக் கூடாது என்றேன். இவ்வளவு நீளமாக நான் அவளோடு தமிழில் கதைத்து நெடுநாள். விளங்கியதோ தெரியாது. சற்றுப் பொறுத்து நஸீஹாவின் போன் வந்தபோது அவள் தானாக வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். தலைமயிர் என்ற சொல் வாயில் வராமல், "சாச்சி, உங்கட தலை எங்க?" என்று கேட்டாள்.

 நஸீஹா சிரித்தாள். நோய் வந்த பிறகு அவள் சிரித்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை. தலை இருக்கிறது மகள், மேலே இருந்ததுதான் போய்விட்டது என்று சொல்லி மறுபடியும் சிரித்தாள்.

4

தலையின் அளவு வேண்டும் என்று ரிஸ்வானிடம் சொன்னேன். அவர் உப்பு மூடை தைக்கும் நூலைத் தலையைச் சுற்றிக் கட்டி, அதை அடிமட்ட அளவுகோலில் வைத்துப் படம் பிடித்து அனுப்பினார். சின்ன அளவு. மயிர் இல்லாத தலை இவ்வளவு சின்னதாக இருக்கும் என்று நான் நினைத்திருக்கவில்லை. அந்தப் படத்தைப் பார்த்துக்கொண்டே பின்னினேன். உச்சியில் ஒரு சின்ன வளையம், சுற்றுக்குச் சுற்று கண்ணி கூட்டி அப்பம் போல விரித்து, உச்சி நிறைந்ததும் கூட்டுவதை நிறுத்தி நேரே கீழே இறக்கினேன். வாப்பாவின் தொப்பிக்குச் செய்த கணக்குத்தான், நூல் மட்டும் வேறு.

எங்கள் தெருவில் சிலாபத்துச் சிங்களப் பெண் ஒருத்தி இருக்கிறாள். தென்மேற்கிலிருந்து வரும் கச்சான் காற்றைப் பற்றி என்னோடு கதைக்கக்கூடிய ஒரே ஆள் இங்கே அவள்தான். அந்தக் கிழமை அவள் ஊருக்குப் போனாள். தொப்பியைக் கையில் வாங்கி முகத்தில் வைத்துப் பார்த்து, ஹரி லஸ்ஸனாய், மிகவும் வடிவாக இருக்கிறது என்றாள். தானே பஸ் ஏறிப் பள்ளிவாசல்துறைக்குப் போய்க் கொடுத்தும் விட்டாள். இந்தக் காலத்தில் யார் இதெல்லாம் செய்வார்கள். இரண்டு பேருமே குளிரில் நின்று அந்தத் தொப்பியைத் தொட்டுப் பார்த்தோம் என்பதுதான் பிரச்சினை.

நஸீஹா தொப்பி போட்டுப் படம் அனுப்பினாள். நல்லா இரிக்கு ராத்தா என்றாள். நான்காவது மருந்துக்கும் போனாள். நான் சமையலறையில் எல்லோருக்கும் சொல்லித் திரிந்தேன். என் தங்கச்சி போனாள், நான் பின்னிய தொப்பியைப் போட்டுக்கொண்டு போனாள் என்று.

பிறகு ஒரு கிழமை அவள் போன் எடுக்கவில்லை. கடைசியில் ரிஸ்வான் எடுத்தார். நல்ல மனிதர், சுற்றி வளைத்துப் பேசத் தெரியாதவர்.

"மைனி, குறை நினைக்காதீங்க. அந்தத் தொப்பி போட்டுப் போய் வந்ததுல தலை முழுக்கக் கொப்புளமாப் பொங்கிட்டு. ஆஸ்பத்திரியில நேர்ஸ் மிஸ் ஏசினாவாம், இந்த வெக்கையில ஆர் கம்பளியப் போட்டு விட்டதெண்டு. அவ கழட்டவே இல்ல. நீங்க பின்னினதெண்டு."

அப்போது அங்கே பங்குனி. பங்குனியில் புத்தளம் எப்படி இருக்கும் என்று புத்தளத்தாருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. உப்பு விளையும் வெயில். களப்பிலிருந்து ஒரு பொட்டுக் காற்று வராது, சட்டை முதுகில் ஒட்டும். அதற்குள் ஹபாயா, அதற்குமேல் முக்காடு, அதற்குள்ளே மருந்தால் தோல் வெந்துபோன தலை. அந்தத் தலையில் நான் கனடாக் கம்பளியை மாட்டி அனுப்பியிருக்கிறேன். பிறந்து வளர்ந்த வெயில் எனக்கு மறந்துவிட்டது. மூளைக்கு நினைவிருக்கிறது, கேட்டால் சொல்லும். தோலுக்கு மறந்துவிட்டது. கழுத்தில் வைத்துத் தேய்த்தேனே, அந்தக் கழுத்து இந்த நாட்டுக் கழுத்து.

இப்ப என்ன சொல்லுறா என்று ரிஸ்வானிடம் கேட்டேன். இனிமேல் போவதில்லை என்று இருக்கிறாள் என்றார். இந்த முறை கோபமாகக்கூடச் சொல்லவில்லையாம். மீன் வாங்க வேண்டாம் என்பது போல, வாசலைப் பெருக்கிக்கொண்டே சொன்னாளாம்.

5

பருத்தி. முதலிலேயே எடுத்திருக்க வேண்டியது பருத்தி. நடுத்தரத் தடிப்பிலேயே பருத்தி நூலும் உண்டு, பாத்திரம் துடைக்கும் துணி பின்னுவதற்கென்று அலட்சியமாக ஓர் ஓரத்தில் அடுக்கி வைத்திருப்பார்கள். வேர்வையை உறிஞ்சும், குத்தாது, சூடு பிடிக்காது. குறைகளும் இருக்கின்றன. கம்பளி இழுத்துவிட்டால் திரும்பிச் சுருங்கும். பருத்திக்கு அந்தக் குணம் இல்லை, இழுத்தால் இழுத்தபடி கிடக்கும். ஆகவே தலை அளவைவிடக் கொஞ்சம் குறைத்துப் பின்னி, விளிம்பை மட்டும் வரிவரியாகப் பின்ன வேண்டும். நெருக்கமான கண்ணி போட்டால் பாரம். நான் காற்றுப் போகும்படி உயரக் கண்ணிகளாகப் போட்டேன். முதலில் உள்ளங்கை அளவு ஒரு சதுரம் பின்னி, வெந்நீரில் கழுவிக் காயவைத்து, எவ்வளவு சுருங்குகிறது, சாயம் போகிறதா என்று பார்த்த பிறகே தொப்பியைத் தொடங்கினேன். முன்பு இதையெல்லாம் செய்யப் பொறுமை இருந்ததில்லை. பயம் பொறுமையைத் தந்துவிட்டது.

தொப்பி முடிந்ததும் என் கழுத்தை நம்புவதில்லை என்று முடிவெடுத்தேன். மயிர் இல்லாத ஒரு தலை வேண்டும். வீட்டில் ஒன்று இருந்தது. ஜெமீலுக்கு முன்பக்கம் ஒன்றுமில்லை, பின்பக்கம் இருப்பதையும் வழித்துவிடுவார். அவரைக் கதிரையில் உட்கார்த்தினேன். வீட்டின் சூட்டை ஏறக்கூடிய மட்டுக்கும் ஏற்றினேன். அடுப்பில் பெரிய பானையில் தண்ணீரைக் கொதிக்க விட்டுக் கதவுகளைச் சாத்தினேன். பிறகு தொப்பியை மாட்டி, என் கறுப்பு முக்காட்டைச் சுற்றி, ஊசி குத்தி, அப்படியே இருங்க என்றேன்.

அவர் இருந்தார். வேர்த்து ஊற்றியது. என்ன பாவம் செய்தேன் என்று கேட்டார். குனிந்து நிமிருங்க என்றேன், குனிந்து நிமிர்ந்தார். பஸ் குலுங்குவது போலக் குலுங்கச் சொன்னேன், குலுங்கினார். முக்காடு அசையவில்லை. அறைக் கதவைத் திறந்த மர்யம், தன் வாப்பா முக்காடு போட்டு நீராவிக்குள் குலுங்கிக்கொண்டிருப்பதைக் கண்டு சுவரில் சாய்ந்து விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு ஒரு மின்விசிறியைக் கொண்டுவந்து அவருடைய முகத்துக்கு நேரே வைத்து, ஆகக் கூடிய வேகத்தில் போட்டாள்.

"ஜன்னல் காத்து" என்றாள் தமிழில்.

முக்காடு படபடத்தது. கழன்று விழவில்லை. தொப்பியைக் கழற்றிப் பார்த்தேன், ஈரமாக இருந்தது. அவருடைய தலை சிவக்கவில்லை. அரிக்குதா என்று கேட்டேன். அரிக்கவில்லை, ஆனால் தாகம் என்றார். அந்த மனிதரை அன்று எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

மாற்றிப் போட இரண்டு தொப்பிகள் பின்னித் தபாலில் விரைவாக அனுப்பினேன். தபால்காரப் பெண் உள்ளே என்ன என்று கேட்டாள். தொப்பி என்றேன். வெப்ப நாட்டுக்குத் தொப்பியா என்றாள். அவளுக்கே தெரிந்திருக்கிறது.

6

ஐந்தாவது மருந்துக்கு நஸீஹா போக மாட்டாள் என்று நான் பயந்துகொண்டிருந்தேன். போனாள். எப்படிச் சம்மதித்தாள் என்று கேட்டதற்கு, மர்யம் அனுப்பிய வீடியோவைப் பார்த்து இரண்டு நாள் சிரித்தாள் என்று ரிஸ்வான் சொன்னார். அதில் ஜெமீல் முக்காட்டோடு குலுங்குகிறார். மகள் எப்போது படம் பிடித்தாள், எப்போது அனுப்பினாள் என்று எனக்குத் தெரியாது. நான் பின்னிய கண்ணிகளைவிட அந்த வீடியோ கூட வேலை செய்திருக்கிறது.

மருந்து ஏற்றிய மறுநாள், நான் காலையில் வேலைக்குப் போக பஸ்ஸுக்கு நின்றேன். அவளுக்கு அங்கே பின்னேரம். அவளே எடுத்தாள். குரல் களைத்திருந்தது. நான் நேரே தொப்பிக்குப் போனேன். அரித்ததா, பொங்கியதா, இறுக்கமா, வழுக்கியதா என்று வரிசையாகக் கேட்டேன்.

தொப்பி நல்லது என்றாள். பஸ்ஸில் போகும்போது ஒன்றும் அசையவில்லையாம்.  நான் கேட்காமல் இருந்திருந்தால் மிச்சத்தை அவள் சொல்லியிருக்க மாட்டாள்.

"பிறகு?" என்றேன்.

வார்டில் பரிசோதிக்க முக்காட்டைத் தளர்த்தச் சொன்னார்களாம். தாதி ஊசிகளைக் கழற்றி மடியில் வைத்துவிட்டுப் போய்விட்டா. அவவுக்கு எத்தனை பேரைப் பார்க்க வேண்டும். வலது கையில் மருந்துக் குழாய், அதைக் கழற்றினாலும் அடுத்த நாள் வரை அந்தக் கை மரத்துக் கிடக்குமாம். இடது கையை ஒப்பரேசனுக்குப் பிறகு தோளுக்கு மேலே தூக்க முடியாது. பெண்கள் பக்கத்துக்கு ஆண்களை விடுவதில்லை, ரிஸ்வான் வாசல் கேற்றுக்கு வெளியே. உறவில் ஒருத்தி முதல் தடவை கூடப் போனாள். பகல் முழுக்க இருக்க வேண்டும் என்று தெரிந்த பிறகு யாரும் வரவில்லை. டொக்டர்மார் வந்து போனார்கள், வண்டி தள்ளுகிற ஆண்கள் வந்து போனார்கள். துணி தோளில் கிடந்தது, ஊசி மடியில் கிடந்தது. சாயந்தரம் வரை அவள் தொப்பியோடு மட்டும் இருந்தாள். முதல் தடவைக்குப் பிறகு ஒவ்வொரு தடவையும் இப்படித்தான் என்றாள். நான் பின்னி அனுப்பும் முன்பு, தலையில் நிற்கிற தொப்பியும் இருக்கவில்லை.

பஸ்ஸில் முக்காடு விழுந்தபோது அவள் ஏன் தன் கையால் இழுத்து மூடவில்லை என்று நான் அதுவரை யோசித்ததே இல்லை.

"தொப்பி போதும் ராத்தா. நல்லாத்தான் பின்னி இரிக்கிறீங்க. ஊசி குத்தி விடத்தான் ஒரு கை இல்ல."

பஸ் வந்து நின்றது. ஓட்டுனர் என்னைப் பார்த்தார். ஏறவில்லை என்று கைகாட்டினேன். நூலும் தடிப்பும் மில்லிமீட்டரும் படித்துத் திரிந்த என்மேல் எனக்கே வெறுப்பாக இருந்தது. கடைசி மருந்துக்குப் போவியா என்று கேட்டேன்.

"தனியப் போக எனக்கு ஏலா."

"நான் வாறன்" என்றேன்.

 அவளுக்குப் பின்னால் கோழி கத்தியது, யாரோ கதவைச் சாத்தினார்கள். உங்களுக்கு அட்டை இன்னும் வரவில்லையே, திரும்பிப் போக விடுவார்களா என்று கேட்டாள். தெரியாது என்றேன். மச்சான் என்ன சொல்வார் என்றாள். அதுவும் தெரியாது என்றேன்.  பிறகு மூக்கை உறிஞ்சினாள். சின்ன வயதில் என்னை வேலை ஏவிய அதே குரல் வந்தது.

"அப்ப வரக்குள்ள நல்ல ஊசி கொண்டு வாங்க. இஞ்ச உள்ளதெல்லாம் உப்புக் காத்துல துருப் பிடிக்குது."

வேலை இடத்துக்குப் போன் எடுத்து, இன்றைக்கு வரவில்லை என்று சொன்னேன். எதிர்ப்பக்கம் போகிற பஸ்ஸில் ஏறி, துருப்பிடிக்காத முக்காட்டு ஊசி இரண்டு பெட்டி வாங்கினேன். அங்கிருந்து பயணச்சீட்டு விற்கும் கடைக்குப் போனேன். திரும்பி வரும் திகதி என்னவென்று கேட்டார்கள். அதை வெறுமையாக விடலாமா என்றேன். விட முடியாது, அப்படியானால் போவதற்கு மட்டும்தான் எழுதலாம் என்றார்கள். அப்படியே எழுதச் சொன்னேன். ஜெமீலிடம் இனிமேல்தான் சொல்ல வேண்டும்.